மாநாட்டு ஒளிப்பட ஒப்புதல்

தொழில்முறை மாநாடுகளிலும் பயிலரங்குகளிலும் பங்கேற்பாளர்களைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் ஒழுங்குபடுத்தும் நெறிமுறை. தன் உருவப்படத்தின் மீது ஒருவருக்குள்ள உரிமையே இதன் அடிப்படை. 1898இல் இறந்த ஜெர்மனியின் முன்னாள் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் அறைக்குள் இரு படப்பிடிப்பாளர்கள் புகுந்து சடலத்தைப் படமெடுத்தது அங்கே பெரும் வழக்கானது. இதன் தொடர்ச்சியாக, ஒருவரது உருவப்படத்தை வெளியிட அவருடைய ஒப்புதல் தேவை என அந்நாடு 1907இல் சட்டமியற்றியது. கூட்டங்கள், ஊர்வலங்களின் படங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் மேடையைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஒருவரின் முகத்தை மட்டும் நெருங்கி எடுப்பதைக் கூட்டப்படம் என்று சொல்லிவிட முடியாது.

‘உள்ளே வந்தால் படமெடுக்கச் சம்மதித்தவராவீர்’ என்று வாசலில் பலகை வைப்பதே பரவலான வழக்கம். இது அறிவிப்பு மட்டுமே, ஒப்புதல் அல்ல. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி மௌனம் சம்மதமாகாது. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எனவே பல அமைப்பாளர்கள் ஒப்புதலுக்குப் பதிலாக அதே ஒழுங்குவிதியின் ‘நியாயமான நலன்’ என்ற பிரிவைச் சார்ந்திருக்கிறார்கள். அப்போதும் பங்கேற்பாளருக்கு ஆட்சேபிக்கும் உரிமை உண்டு.

நடைமுறையில் எளிதான வழி அடையாள அட்டைப் பட்டையின் நிறம். முன்பு நடந்த அடாகேம்ப் என்ற மாநாடுகளில் பச்சை என்றால் எடுக்கலாம், மஞ்சள் என்றால் கேட்டு எடுக்கலாம், சிவப்பு என்றால் எடுக்கவே கூடாது என்ற விதி இருந்தது. ஜெர்மனியின் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற மாநாடு இன்னும் கண்டிப்பானது: சட்டகத்தில் விழும் அனைவரிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் சுதந்திரமானதாகவும் ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.