பேகன் எனப்படுபவர் யார்? பிற்கால ரோமப் பேரரசின் சான்றுகள்

பேகனியத்தை வரையறுக்கப் புகுவோர் பல தெய்வ வழிபாடு, இயற்கையைப் புனிதமாகப் போற்றுதல், தோற்றுவித்தவரோ மறைநூலோ இல்லாமை ஆகியவற்றை அதன் இலக்கணமாகக் கூறுவது வழக்கம். இவ்விலக்கணம் கையாள எளிதாயினும், பேகன் என்னும் பெயர் சமயப் பொருளில் வழக்கூன்றிய 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசின் சான்றுகளுக்குமுன் நிலைகொள்வதில்லை. கிறித்தவரும் யூதரும் அல்லாத அனைவரையும் லத்தீன் கிறித்தவர்கள் அப்பெயரால் சுட்டினர். சுட்டப்பட்டவர்களோ தம்மை ஒரே சமயத்தாராகக் கருதியதில்லை.

384இல் மறைந்த செனட் உறுப்பினர் பிரேடெக்ஸ்டாட்டுஸின் நினைவுக் கல்வெட்டு இதற்குத் தக்க சான்றாகும். அடுப்புத்தீயின் தெய்வமான வெஸ்டாவுக்கும் கதிரவனுக்கும் ஆற்றிய குருத்துவம், கிரேக்கத்தின் எலூசிஸில் பெற்ற தீட்சை, மித்ரா வழிபாட்டின் உயர்நிலை என அது அடுக்கிக் கூறுபவை வெவ்வேறு நிலங்களில் தோன்றி, வெவ்வேறு முறைகளில் நடைபெற்றவை. அவற்றை ஒருங்கிணைக்கும் கோட்பாடோ தலைமைப்பீடமோ இருந்ததில்லை. பேரரசர் ஜூலியன் 361 முதல் 363 வரையிலான தம் குறுகிய ஆட்சியில் மாகாணங்களுக்குத் தலைமைக் குருக்களை அமர்த்தி, வறியோர்க்கு உதவும் அறப்பணியையும் குருக்களின் கடமையாக்க முனைந்தது, அத்தகைய அமைப்பு அதற்குமுன் நிலைபெறாமையையே காட்டுகிறது. அவரும் தம் தரப்பினரை ஹெலனியர் (கிரேக்கப் பண்பாட்டினர்) என்றே அழைத்தார்.

பேரரசின் சட்டமோ நம்பிக்கையை ஆராயவில்லை, செயலையே ஆராய்ந்தது. 392ஆம் ஆண்டின் பேரரசர் தியோடோசியுஸின் ஆணை உயிர்ப்பலியோடு நில்லாமல், இல்லுறை தெய்வங்களுக்கு விளக்கேற்றுவதையும் நறும்புகையிடுவதையும் மாலை சூட்டுவதையும், மரத்தில் நாடா கட்டுவதையும்கூடத் தடைசெய்தது. எனவே சடங்கே பேகனை அடையாளம் காட்டும் அளவுகோல் எனலாம்; ஆயினும் அவ்வளவுகோலும் திருமுழுக்குப் பெற்றவர்களிடம் வரும்போது தடுமாறுகிறது. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் போப்பாண்டவர் முதலாம் லியோ, புனித பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறிய கிறித்தவர்கள் உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று, எழுகதிரை நோக்கித் தலைவணங்குவதைக் கண்டித்தார். அவர்களுள் சிலர் ஒளியை அன்றி அதனைப் படைத்தவரையே வணங்கக்கூடும் என்று அவரே ஒப்புக்கொண்டும், அச்செயல் விலக்கத்தக்கது என்றார். அந்நூற்றாண்டின் இறுதியில் பழைய ரோம விழாவான லூப்பர்காலியாவை எதிர்த்து எழுந்த, பொதுவாகப் போப்பாண்டவர் கெலாசியுஸுக்கு உரியதாகக் கொள்ளப்படும் மடலும், அவ்விழாவுக்காக வாதிட்ட கிறித்தவர்களை நோக்கியே வரையப்பட்டது. தம்மைக் கிறித்தவர் என ஐயமின்றிக் கருதிய இம்மக்களைப் பேகனியத்தின் எச்சம் எனக் குறிப்பது, கண்டித்தவரின் பார்வையை ஆய்வாளர் தம் முடிவாக ஏற்பதாகும். பிற்கால ரோமைப் பொறுத்தவரை, திருச்சபை தனக்குப் புறம்பென ஒதுக்கிய சடங்குகளின் தொகுப்பையே பேகனியம் எனக் கொள்வது பொருந்தும். அது மக்கட்பிரிவு ஒன்றன் பெயராகாது.

20ஆம் நூற்றாண்டில் பழஞ்சமயங்களை மீட்டெடுத்தோரின் நிலை வேறு. ஐஸ்லாந்தில் 1972இல் நிறுவப்பட்டு மறு ஆண்டே அரசின் ஏற்பைப் பெற்ற ஆசாத்ரு சங்கத்தாரும், லித்துவேனியாவின் ரோமுவா அமைப்பினரும் தம் சமயத்தைத் தாமே தேர்ந்து, உறுப்பினராகப் பதிந்து, உரிமையும் கோருகின்றனர். ரோமுவாவுக்கு அரசேற்பு வழங்க 2019இல் லித்துவேனிய நாடாளுமன்றம் மறுத்ததைப் பாகுபாடு என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021இல் தீர்த்தது. இவர்களை வரையறுக்கத் தன்னறிவிப்பே போதிய சான்று. அதே அளவுகோலைப் பிரேடெக்ஸ்டாட்டுஸுக்குப் பொருத்தினால் அவர் பேகன் ஆகமாட்டார்.