முகாம் பொருள் வியாபாரம்: கடையில் முடங்கும் முதல்

கூடாரம், முதுகுப்பை, மலையேற்றக் காலணி, தலைவிளக்கு. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டுப் பயணம் முடங்கியபோது, கட்டுப்பாடு தளர்ந்த மாதங்களில் பல குடும்பங்கள் ஆற்றங்கரைக்கும் மலைக்கும் கிளம்பின.  வீட்டின் ஓர் அறையையே கிடங்காக்கி இத்தொழிலில் இறங்கலாம் என்பதால் இளைஞர்களுக்கு இதில் ஈர்ப்பு அதிகம். ஆனால், முதலாண்டைக் கடக்க முடியாமல் போவதற்கு விற்பனைக் குறைவு மட்டும் காரணமாக இருப்பதில்லை. விற்ற பணமெல்லாம் மறுபடி சரக்காகி அலமாரியில் உட்கார்ந்துவிடுவதுதான் பெரிய சிக்கல்.

பதிவு எளிது. தனிநபர் வணிகத்தை, தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. கடை எடுத்தால் ஊராட்சி மன்றத்தின் வளாக உரிமமும் விளம்பரப் பலகை உரிமமும் தேவை. முதல் போதாதவர்கள் தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனுதவியை நாடலாம். அது இந்தியத் தொழில்முனைவோருக்கென உள்ள திட்டம்.

அதற்குப் பிறகு ஆண்டை நடத்துவது மழையும் விடுமுறையும்தான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் கதவடைக்கும். கிழக்குக்கரையில் கூடாரம் அடிப்போர் மிகக் குறைவு. பள்ளித் தவணை 2026 முதல் மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறையும் இந்த மழைக்காலத்தில்தான் வருகிறது. அந்த வாரங்களில் மேற்குக்கரை வாடிக்கையாளரை நம்பித்தான் கடை ஓட வேண்டும். நோன்பு மாதத்தில் மலையேறுவோர் குறைவர். அம்மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்வதால் சென்ற ஆண்டுக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. சீனாவிலிருந்து சரக்கு எடுப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு அங்குள்ள தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடப்படும். மார்ச்சில் விற்க வேண்டியதற்கு டிசம்பரிலேயே பணம் கட்டியாக வேண்டும், அதுவும் கையில் காசு குறைவாக இருக்கும் நேரத்தில்.

இந்தத் தொழிலில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் அறியாத ஒன்று உண்டு. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பயன்படுத்தாத பொருளும் கெடும். கூடாரத் துணியின் உட்புறத்தில் பூசப்பட்ட பாலியூரித்தேன் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். காலணியின் நடுத்தளத்திலும் அதே வகைப் பொருள் உண்டு. நான்கைந்து ஆண்டுகள் பெட்டியில் கிடந்த புத்தம் புதுக் காலணி, முதல் நடையிலேயே அடித்தளம் கழன்று வாயைப் பிளப்பது இதனால்தான். அரிசிக் கடைக்காரர் போல இந்தக் கடைக்காரரும் பழைய சரக்கை முன்னே வைத்து முதலில் விற்க வேண்டும். பெட்டியில் வந்த தேதியைக் குறித்து வைக்க வேண்டும். 44-ஆம் எண் காலணி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு டஜன் வாங்கினால், அது இலாபமல்ல, மெல்ல அழுகும் சரக்கு. குளிரூட்டி இல்லாவிட்டாலும் ஈரம் போக்கும் கருவி ஒன்று கிடங்கில் ஓடுவது நல்லது.

நிதானமாக ஓடும் சரக்கு சிறியவைதான். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை உச்சியை நோக்கி நள்ளிரவு கடந்து ஏறுவோருக்குத் தலைவிளக்கு, கையுறை, மழையங்கி, ஊன்றுகோல் ஆகியவை வேண்டும். அங்கே உச்சியில் குளிர் சுழியம் பாகை வரை இறங்கும். விமானத்தில் கேஸ் கலன் கொண்டு போக முடியாது என்பதையும் விற்பவரே சொல்லி அனுப்ப வேண்டும். கூடாரம் வாங்க வருபவரிடம் துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதைக் கேட்காமலேயே சொல்வதும் கடமை. இது மில்லிமீட்டரில் குறிக்கப்படும். 800 அல்லது 1,000 என்று எழுதிய மலிவுக் கூடாரம் நம் மழைக்குப் போதாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலி முகாம் தலத்தில் நிகழ்ந்த நிலச்சரிவில் 31 பேர் உயிரிழந்தனர். எந்தக் கூடாரமும் அதைத் தடுத்திருக்காது. ஆயினும் உரிமம் பெற்ற தலமா, சரிவின் அடியில் உள்ளதா என்று விசாரிக்கச் சொல்லும் ஒரு வார்த்தை கடைக்காரரிடமிருந்து வரலாம்.

விலைப் போட்டியில் இணையக் கடைகளை வெல்வது கடினம். 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களை இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்றாலும் இடைவெளி முழுதாக அடையவில்லை. சிறு கடைக்குக் கைகொடுப்பது வாடகையும் பழுதுபார்ப்பும். ஆண்டுக்கு ஒரு முறை முகாமிடும் குடும்பம் கூடாரத்தை வாங்குவதைவிட வாடகைக்கு எடுக்கவே விரும்பும். திரும்பி வந்த கூடாரத்தை நன்கு உலர்த்தாமல் மடித்தால் மட்டும் பூஞ்சை பிடித்து, அந்த வருமானமும் போகும். உறவினருக்கு இலவச இரவல் கொடுப்பது தனிக் கதை. அதற்குக் கணக்கே கிடையாது.

டிசம்பர் 31-இல் சரக்கை எண்ணுவதைத் தள்ளிப் போடக்கூடாது. ஓராண்டில் 40,000 வெள்ளிக்குச் சரக்கு வாங்கிய ஒருவர், அதில் 25,000 வெள்ளிச் சரக்கை 38,000 வெள்ளிக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். கைப்பணத்தில் 2,000 வெள்ளி குறைந்திருக்கும். ஆனால் எஞ்சிய 15,000 வெள்ளிச் சரக்கு செலவாகக் கருதப்படாது. எனவே வாடகை, மின்சாரம் போன்றவற்றைக் கழிக்கும் முன் 13,000 வெள்ளி இலாபம் என்றுதான் கணக்கு வரும். வரிக்கும் அதுவே அடிப்படை. பிசுபிசுத்துப்போன கூடாரத்தையும் அடித்தளம் விட்ட காலணியையும் வாங்கிய விலையிலேயே எழுதி வைத்தால், இல்லாத சொத்துக்கு வரி கட்ட நேரும். விற்கக்கூடிய விலை வாங்கிய விலையைவிடக் குறைந்திருந்தால் குறைந்ததையே எழுத வேண்டும், படமும் ரசீதும் சேர்த்து. வணிக வருமானம் உள்ளவர்கள் 'பி' பாரத்தை அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் சமர்ப்பிக்க வேண்டும். ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.