அரசியும் இரு தலைமை அமைச்சர்களும்

ஒல்லாந்து முடியுடை நாடு. ஆயினும் ஆட்சிப் பொறுப்பு அமைச்சர்களுடையது. தோர்பெக்கே என்னும் அறிஞர் முன்னின்று வகுத்த 1848ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இதனை வரையறுத்தது. மன்னர் செயலுக்கும் அமைச்சரே பாராளுமன்றத்திற்கு விடை கூறல் வேண்டும். அப் பாராளுமன்றமே கூட வழியில்லையென்றால், அமைச்சரைத் தட்டிக் கேட்பவர் யார்? 1940இல் இவ்வினா ஏட்டளவில் நில்லாது நேரில் எழுந்தது.

அவ்வாண்டு மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படை ஒல்லாந்தினுள் புகுந்தது. 13ஆம் நாள் அரசி வில்ஹெல்மினா கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார். அமைச்சர்களும் இலண்டனை அடைந்தனர். தலைமை அமைச்சர் டிர்க் யான் டெ கெயர் முதியவர். நிதித் துறையில் பழுத்த அனுபவமுடையவர். ஜெர்மனியை வெல்லுதல் அரிது, உடன்பாடு காண்பதே தக்கது என்பது அவர் எண்ணம். அரசி அதற்கு அணுவளவும் இசையவில்லை. டெ கெயரிடம் தமக்கு நம்பிக்கையில்லை எனத் தெரிவித்து, அவரைப் பதவியினின்றும் விலகச் செய்தார். அமைதிக் காலத்தில் முடி தரித்த ஒருவர் இவ்வாறு செய்திருப்பின் பாராளுமன்றம் பொறுத்திருக்குமா?

செப்டம்பர் 3ஆம் நாள் நீதி அமைச்சர் பீட்டர் கெர்பிராண்டி தலைமை ஏற்றார். குட்டையான உருவம், அடர்ந்து தொங்கும் மீசை, அரைகுறை ஆங்கிலம். சர்ச்சிலைக் கண்டதும் வணக்கத்திற்குப் பதிலாக விடைபெறும் சொல்லைக் கூறிவிட்டார் என்றும், எல்லா அரசியல் பேச்சும் இவ்வளவு சுருக்கமாக முடிந்தால் நலம் எனச் சர்ச்சில் கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், உறுதியில் அவர் சர்ச்சிலுக்கு இளைத்தவரல்லர்.

டெ கெயர் கதையோ இரங்கத்தக்கது. பணியொன்றின் பொருட்டுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய இந்தோனேசியாவுக்கு, அனுப்பப்பட்ட அவர், லிஸ்பனில் வழி மாறி, பெர்லின் வழியாகப் பகைவர் கைப்பட்ட தாயகத்திற்கே 1941இல் திரும்பிவிட்டார். 1947இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. ஓராண்டுச் சிறைத் தண்டனை நிறைவேற்றப்படாது நிறுத்திவைக்கப்பட்டது.

போருக்குப் பின் முடியின் செல்வாக்கு வளரவேண்டுமென அரசி விழைந்தார். அது கைகூடவில்லை. 1946இல் தேர்தல் நடந்தது. பழைய கட்சிகளும் பாராளுமன்றமும் தத்தம் இடத்திற்கு மீண்டன. கெர்பிராண்டியோ, இந்தோனேசியர் விடுதலை கோரியபோது அதனை எதிர்த்த இயக்கத்திற்குத் தலைமை தாங்கினார். தம் மண்ணில் அந்நியன் ஆளப் பொறாதவர் இவர்! வில்ஹெல்மினா 1948 செப்டம்பர் 4ஆம் நாள் முடி துறந்தார். 1949 டிசம்பர் 27ஆம் நாள் இந்தோனேசியாவின் ஆட்சியுரிமை ஒப்படைக்கப்பட்டபோது, அரியணையில் இருந்தவர் அவர் மகள் யூலியானா. தலைமை அமைச்சர் வில்லெம் திரேஸ்.