எழுத்தேறிய ஆடை: அச்சுத் தொழில் வரலாற்றில் சில பக்கங்கள்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. அவ்வாடைக்கு அழகு தருவன நூலும் நெசவும் மட்டுமல்ல; அதன்மேல் ஏறும் வண்ணமும் உருவமும் எழுத்துமே அதற்குத் தனி முகத்தைத் தருகின்றன. இன்று நாம் வாழும் அகமதாபாத் நகரின் கடைவீதிகளில், கேட்டவர் பெயரையும் படத்தையும் பனியனில் பதித்தும், வினைல் தாளில் வெட்டி வண்டியில் ஒட்டியும் கொடுக்கும் சிறு கடைகளைக் காண்கிறோம். இதனை நேற்றுத் தோன்றிய தொழில் என்று பலர் எண்ணுகின்றனர். வாங்குவோர் விருப்பறிந்து அச்சிட்டுத் தரும் இவ்வாணிகம் மிகப் பழமையானது. அது எவ்வாறு ஓங்கியது, எவ்வாறு நலிந்தது என்பதை நம் இளைஞர் அறிதல் நன்று என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை வரையத் துணிந்தேன்.

கூர்ச்சரமும் சோழமண்டலமும்

எகிப்து நாட்டின் ஃபுஸ்டாட் என்னும் பழைய நகரத்து இடிபாடுகளில் அச்சிட்ட பருத்தித் துணித் துண்டுகள் பல கிடைத்துள்ளன. அவை கூர்ச்சர நாட்டில் மரக்கட்டையால் அச்சிடப்பட்டுக் கடல் கடந்து சென்றவை. அவற்றுள் சில ஏறத்தாழ 1,000 ஆண்டுப் பழமையுடையன என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

காந்திநகருக்கு அண்மையிலுள்ள பேதாபூர், தேக்குக் கட்டையில் அச்சுச் செதுக்குவோரால் பெயர் பெற்ற ஊர். அவர்கள் செதுக்கிய கட்டைகளைக் கொண்டு சயாம் நாட்டு மக்கள் விரும்பிய கோலங்களை அச்சிட்டு அனுப்பினர். ‘சௌதாகிரி’ எனப் பெயர் பெற்ற அத்துணி வாணிகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு முடிவுற்றது. அச்சிட்டவர் இங்கே இருந்தனர். அணிந்தவர் அங்கே இருந்தனர். வடிவத்தை முடிவு செய்தது அணிந்தவர் விருப்பமே.

நம் சோழமண்டலக் கரையிலும் அப்படியே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் கால் ஊன்றிய ஒல்லாந்தர், வண்ணத் துணிகளை வாங்கிக் கீழைத் தீவுகளுக்குக் கொண்டு சென்று நறுமணப் பொருள்களுக்கு மாற்றினர். 1643இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் சூரத்திலிருந்த தம் ஆட்களுக்கு எழுதி, சிவப்புத் தளத்துக்கு மாறாக வெண்தளமும் அதன்மேல் பூக்கொடியும் அமைந்த துணிகளை அனுப்பச் சொன்னார்கள். நம் கைவினைஞரும் அவ்வாறே செய்து கொடுத்தனர்.

சட்டமும் இரகசியமும்

நம் துணிகளின் சாயம் வெளுத்தாலும் போகாது, விலையும் மலிவு. ஆகவே ஐரோப்பிய நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686இல் இத்துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையே தடுத்தது.

சட்டத்தைவிடப் பெரிய இழப்பு வேறு வழியில் வந்தது. 1742இல் கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சோழமண்டலத்துச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளை விரிவாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை ஊறவைப்பது, படிகாரம் தீட்டுவது, சாயவேரில் கொதிக்கவைப்பது எனத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு, ஒரு கடிதத்தில் கப்பலேறியது. பிரான்சு 1759இல் தடையை நீக்கியது. மறு ஆண்டிலேயே ஓபர்காம்ஃப் என்பவர் வெர்சேல்சுக்கு அருகில் ழூயி என்னும் ஊரில் அச்சாலை தொடங்கினார். 1783இல் தாமசு பெல் என்பவர் செப்பு உருளையால் அச்சிடும் பொறிக்கு உரிமை பெற்றார். அதன்பின் கையால் அச்சிட்டவன் விலையில் பொறியோடு போட்டியிட இயலவில்லை.

திரையும் வினைலும்

பொறி பேரளவு வேலைக்கே ஏற்றது. 10 பேருக்கு மட்டும் வேண்டிய துணியை ஆலை அச்சிடாது. அந்த இடைவெளியில்தான் சிறு தொழில் மீண்டும் தழைத்தது. 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத் திரையால் அச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் வேண்டாத கண்களை அடைத்து, எஞ்சிய கண்களின் வழியே மையை ரப்பர் பலகையால் தள்ளுவதே ‘ஸ்கிரீன் பிரிண்டிங்’. மரக்கட்டைக்கும் இதற்கும் கணக்கு ஒன்றே: நிறம் ஒன்றுக்கு ஒரு கட்டை, நிறம் ஒன்றுக்கு ஒரு திரை.

வினைலின் கதை சுவையானது. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்னும் வேதியியலார், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையைத் தேடினார். கிடைத்ததோ வளைந்து கொடுக்கும் வினைல். 1935இல் ஸ்டான் ஏவரி, தானே ஒட்டிக்கொள்ளும் சீட்டுகளைச் செய்யத் தொடங்கினார். 1980களில் கணிப்பொறி வழிகாட்டும் கத்தியால் எழுத்து வெட்டும் கருவி வந்தது. அது மேலுள்ள வினைலை மட்டும் கீறும், அடித்தாளைத் தொடாது. தூரிகை பிடித்து லாரிகளில் எழுதிய ஓவியர் பலருக்கு வேலை போனது. கருவி வாங்க முடிந்தவருக்குக் கடை கிடைத்தது.

சிறு கடையின் கணக்கு

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பணியாற்றும் எனக்குத் திருப்பூர்ப் பனியன் கட்டுகளைக் காண்பது வாடிக்கை. வெற்றுப் பனியனாக வருவது, கடையில் எழுத்தேறி விலையும் ஏறுகிறது. திரை செய்யும் செலவு 1 பனியனுக்கும் 500 பனியனுக்கும் ஒன்றே. ஆகவே எண்ணிக்கை மிகுந்தால் திரை அச்சு இலாபம். ஐந்தோ பத்தோ என்றால் வினைலை இடவலம் மாற்றி வெட்டி, ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் 10 முதல் 15 வினாடி அழுத்துவதே இலாபம். இக்கணக்கு அறியாதவர் வேலை மிகுந்தும் கையில் காசு தங்காமல் திகைப்பர். கெட்டுப்போன பனியனின் விலையும் கடைக்காரர் தலையிலேயே விழும்.

தமிழ் எழுத்தில் தனித் தொல்லை ஒன்றுண்டு. வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாதலால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். புள்ளி போனால் ‘சங்கம்’ ‘சஙகம’ ஆகும்! எழுத்துரு மாறினால் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழறியாத கடைக்காரர் இதனைக் காணார், தமிழறிந்தவரே காண்பார்.

சட்டம் தொழிலைத் தாக்குவதும் பழங்கதை அன்று. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண்பலகை கட்டாயமாயிற்று. எண் எழுதியும் ஒட்டியும் பிழைத்த கடைகளுக்கு அவ்வருவாய் சுருங்கியது. பனியனுக்கும் பதாகைக்கும் திரும்பியவர் நிலைத்தனர்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது என்ன? கட்டை, உருளை, திரை, கத்தி எனக் கருவி மாறிக்கொண்டே வரும். பணம் உடையவர் எவரும் அதனை வாங்கலாம். செய்முறை இரகசியமும் நெடுநாள் நில்லாது. எவரும் கொண்டுபோக முடியாத முதல் மூன்று: வாங்குவோர் மனமறியும் கண், வெளுத்தாலும் போகாத நேர்மையான வண்ணம், சொன்ன நாளில் தரும் சொல். இம்மூன்றையும் நம் இளைஞர் கைக்கொண்டு இத்தொழிலில் இறங்குவாராயின், பிறந்த நாட்டுக்கும் வாழும் நகருக்கும் பெருமை சேர்ப்பர். வாழ்க கைத்தொழில்! வளர்க நம் சங்கம்!