ராட்லெரின்: ஒரு சாயப்பொடியின் ஆய்வுக்கூட வரலாறு

கபில மரம் இந்தியாவிலும் இலங்கையிலும் தானாக வளர்வது. முற்றிய காய்களைக் கூடையிலிட்டுக் குலுக்கித் தேய்த்தால், மேலே படிந்துள்ள நுண்சுரப்பிகள் செம்பொடியாக உதிரும். கபிலப்பொடி எனப்படும் இது குளிர்ந்த நீரில் கரைவதில்லை. காரம் சேர்த்துக் காய்ச்சினால் கரைந்து பட்டுத்துணிக்கு ஆரஞ்சு நிறம் ஏற்றும். நாட்டு மருத்துவத்தில் இது குடற்புழுக்களை வெளியேற்றும் மருந்து.

இம்மரத்துக்கு ராட்லெரா டிங்டோரியா என்று பெயரிட்டவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, தாவரங்களைச் சேகரித்து, தமிழ்-ஆங்கில அகராதியும் தொகுத்த மிஷனரி யோகான் பீட்டர் ராட்லரின் நினைவைத் தாங்கிய பெயர் அது. இன்று மரத்தின் அறிவியல் பெயர் மாறிவிட்டது. ஆனால் 1855இல் தாமஸ் ஆண்டர்சன் கபிலப்பொடியிலிருந்து பிரித்த மஞ்சள் படிகப்பொருள், ராட்லெரின் என்ற பெயரில் ராட்லரை இன்றும் நினைவூட்டுகிறது.

இப்பொருள் பின்னர் உயிரணு ஆய்வில் ஒரு கருவியாயிற்று. உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் புரதங்களில் கைனேஸ்கள் முக்கியமானவை. இவை ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களில் இணைத்து, அவற்றின் செயலை மாற்றுகின்றன. புரதக் கைனேஸ் சி ஒரு குடும்பம். அதன் உறுப்பினர்களின் வேலையைத் தனித்தனியே அறிய, ஒன்றை மட்டும் முடக்கும் தடுப்பான் தேவை. ராட்லெரின் அக்குடும்பத்தின் டெல்டா வகையை, ஆல்பா, பீட்டா, காமா வகைகளைவிடப் பல மடங்கு குறைந்த செறிவிலேயே தடுப்பதாக 1994இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதன்பின் ராட்லெரின் ஒரு விளைவை நிறுத்தினால், அது டெல்டாவின் வேலை என்று பல ஆய்வுகள் முடிவு கட்டின.

2000இல் டண்டீ பல்கலைக்கழகத்தின் பிலிப் கோகனும் குழுவினரும், ஆய்வுக்கூடங்களில் புழங்கும் பல தடுப்பான்களை ஏராளமான கைனேஸ்கள்மீது சோதித்தனர். ராட்லெரின் டெல்டாவைத் தடுக்கவில்லை. வேறு சில கைனேஸ்களையே தடுத்தது. மறு ஆண்டு ஸ்டீபன் சோல்டாஃப் இன்னொரு விளைவைக் காட்டினார்: ராட்லெரின் இழைமணிகளில் (மைட்டோகாண்ட்ரியா) ஆற்றல் உற்பத்தியைக் குலைத்து ஏடிபி அளவைக் குறைக்கிறது. ஏடிபி குறைந்தால் அதை நம்பியிருக்கும் வினைகள் பலவும் தளரும். டெல்டா நேரடியாகத் தடுக்கப்பட்டது போன்ற தோற்றமும் எழும். டெல்டாவை ஆராய ராட்லெரின் பொருந்தாது என்று 2007இல் அவர் விரிவாக எழுதினார்.

எனவே ஒரே வேதிப்பொருளின் விளைவைக் கொண்டு ஒரு புரதத்தின் பணியைத் தீர்மானிப்பது சரியன்று. அமைப்பில் வேறுபட்ட இரண்டாவது தடுப்பானும் அதே விளைவைத் தர வேண்டும். தடுப்பானை ஏற்காதபடி மாற்றிய கைனேஸ் உள்ள உயிரணுவில் அவ்விளைவு மறைய வேண்டும். அந்த மரபணுவை நீக்கிப் பார்ப்பதும் உறுதியான சான்று தரும்.