அமெரிக்க எழுத்தாளர் வேலைநிறுத்தம், 2007–08: மக்கள் ஆதரவும் நியாயமான ஊதியமும்

அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை நடத்திய வேலைநிறுத்தம் இது. ரைட்டர்ஸ் கில்ட் என்னும் எழுத்தாளர் சங்கத்தின் கிழக்கு, மேற்கு அமைப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 12,000 பேர் இதில் ஈடுபட்டனர். ஸ்டூடியோக்களுக்காகத் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பாளர் கூட்டமைப்பு பேச்சு நடத்தியது. மக்கள் ஆதரவு பெருமளவு எழுத்தாளர் பக்கமே இருந்தும், அவர்கள் கேட்டதில் ஒரு பகுதிதான் கையில் கிடைத்தது. ஊதியம் எவ்வளவு என்பதை மக்கள் கருத்து முடிவு செய்வதில்லை என்பதற்கும், போராடுவோர் தனிமைப்பட்டுப் போகாமல் அது காக்கிறது என்பதற்கும் இந்த வேலைநிறுத்தம் தெளிவான சான்று.

பூசலின் மையம் மறுபயன்பாட்டுத் தொகை. ஒரு படைப்பு மீண்டும் ஒளிபரப்பாகும்போதோ வேறு வடிவில் விற்கப்படும்போதோ எழுதியவருக்குச் சேரும் பங்கு இது. வீடியோ கேசட் புதிதாக வந்த காலத்தில், தயாரிப்புச் செலவு அதிகம் என்று சொல்லி, வருவாயில் 80 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு எஞ்சிய 20 விழுக்காட்டின் மீதே எழுத்தாளர் பங்கு கணக்கிடப்பட்டது. 1985இல் நிலைபெற்ற இந்த முறை, தயாரிப்புச் செலவு வெகுவாகக் குறைந்த டிவிடி காலத்திலும் மாறவில்லை. முதல் பத்து லட்சம் டாலர் வருவாய்க்கு 0.3 விழுக்காடு, அதற்கு மேல் 0.36 விழுக்காடு, டிவிடி ஒன்றுக்கு ஏறத்தாழ 4 சென்ட். இணையப் பதிவிறக்கத்துக்கும் இதே விகிதத்தை நீட்டிக்க ஸ்டூடியோக்கள் முனைந்தன. ஒரு மணி நேரத் தொடரின் ஓர் அத்தியாயத்தை ஓராண்டு இணையத்தில் ஓட்டுவதற்கு அவை முன்வைத்த தொகை 250 டாலர் என்று சங்கம் அறிவித்தது. அதே அத்தியாயம் முன்னணி அலைவரிசையில் ஒருமுறை மறு ஒளிபரப்பானால் 20,000 டாலர் வரை கிடைத்துவந்தது. புதிய ஊடகம் லாபம் தருமா என்பது தெரியட்டும், பிறகு பேசலாம் என்ற ஸ்டூடியோக்களின் வாதம் எழுத்தாளர்களிடம் எடுபடாமல் போனதற்கு 1985இன் அனுபவமே காரணம்.

வேலைநிறுத்தம் தொடங்கிய முதல் வாரத்தில் பெப்பர்டைன் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில், அமெரிக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எழுத்தாளரை ஆதரித்தனர். தயாரிப்பாளரை ஆதரித்தோர் 4 விழுக்காடு மட்டுமே. இரவுநேர நகைச்சுவை நிகழ்ச்சிகள் உடனடியாக நின்றுபோயிருந்த வேளை அது. இழப்பு பார்வையாளருக்கு இருந்தும் பழி எழுத்தாளர் மீது விழவில்லை. விற்ற பொருளில் எழுதியவருக்கும் பங்கு வேண்டும் என்பது எளிதில் விளங்கும் கோரிக்கை. ஆயினும் மூன்றில் ஒரு பங்கினர் எப்பக்கமும் சாராதிருந்ததையும் மறக்கலாகாது.

இந்த ஆதரவை எதிர்த்து இரு வாதங்கள் எழுந்தன. முதலாவது, எழுத்தாளர்கள் ஏற்கெனவே நன்றாகச் சம்பாதிப்பவர்கள் என்பது. தயாரிப்பாளர் தரப்பு காட்டிய சராசரி வருமானம் பெரியதுதான். ஆனால் அது வேலையில் இருப்போரின் கணக்கு. எந்த நேரத்திலும் உறுப்பினரில் ஏறத்தாழ பாதிப் பேர் வேலையின்றி இருப்பதாகச் சங்கம் கூறியது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே குடும்பம் நடப்பது மறுபயன்பாட்டுத் தொகையால்தான். மேலும், ஒருவர் பணக்காரரா என்பது வேறு கேள்வி, அவருக்குரிய பங்கு அவருக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவது வாதம் வலுவானது: விளக்கு, ஒப்பனை, அரங்கப் பணியாளர்கள் எந்தப் பங்கும் கேட்காமலே வேலையிழந்தனர். அவர்களது சங்கத் தலைமை எழுத்தாளர்களை வெளிப்படையாகவே சாடியது. இந்த இழப்பு உண்மையானது. எந்த ஒப்பந்தமும் அதை ஈடுகட்டவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை முறிந்து நின்ற வாரங்களுக்கு இரு தரப்புமே பொறுப்பு என்பதால், பழியை எழுத்தாளர் மீது மட்டும் சுமத்த இது போதாது.

முடிவைக் கொண்டுவந்தவை வேறு அழுத்தங்கள். மறியலைத் தாண்டிச் செல்ல நடிகர்கள் மறுத்ததால் 2008 ஜனவரியில் கோல்டன் குளோப் விழா வெறும் செய்தியாளர் சந்திப்பாகச் சுருங்கியது. பிப்ரவரி 24 அன்று ஆஸ்கர் விழா காத்திருந்தது. இயக்குநர் சங்கம் தனியே செய்துகொண்ட ஒப்பந்தம் எழுத்தாளர் ஒப்பந்தத்துக்கும் முன்மாதிரியானது. இணைய ஒளிபரப்புக்கான பங்கு உறுதியானது. ஒரு வரம்பைக் கடந்த பதிவிறக்கங்களுக்கான விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. டிவிடி விகிதமோ இருந்த இடத்திலேயே நின்றது.

மக்கள் கருத்து ஊதியத்தை முடிவு செய்வதில்லை என்பதை 2023இன் எழுத்தாளர் வேலைநிறுத்தம் மீண்டும் உறுதிப்படுத்தியது. கேலப் கணிப்பில் எழுத்தாளருக்கு 72 விழுக்காடும் ஸ்டூடியோக்களுக்கு 19 விழுக்காடும் ஆதரவு இருந்தும், அவ்வாண்டு வேலைநிறுத்தம் 148 நாள் நீடித்தது. இடையில் நடிகர் சங்கமும் களமிறங்கிய பிறகே ஹாலிவுட் ஏறக்குறைய முழுதாக முடங்கியது. அதில் பெற்ற ஸ்ட்ரீமிங் ஊக்கத்தொகை, இணைய வருவாயில் பங்கு உண்டு என்று 2008இல் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறியின் தொடர்ச்சி. நியாயமான ஊதியத்தைப் பெற்றுத் தருவது வேலையை நிறுத்தும் வலிமையே. அந்த வலிமை பலன் தரும்வரை களத்தில் நிற்பதற்கான கால அவகாசம்தான் மக்கள் ஆதரவின் கொடை.