'செல்ஃப் எடுக்கல': ஒரு வார்த்தைக்குள்ள நூறு வருஷம்

இந்த எபிசோடு எனக்கு ஒரகடம் ரோட்டோரத்துல கிடைச்சது.

காலை ஏழு மணி. ஷிஃப்ட் பஸ்கள் வரிசையா போயிட்டிருக்கு. டீ குடிச்சிட்டு வந்து சாவியைத் திருப்பினா, என் பழைய பெட்ரோல் கார்ல 'டிக் டிக் டிக்'. அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரியுது. அப்போ பேட்டரி நல்லா இருக்கு, மோட்டார்தான் போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். தெரிஞ்ச மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "அண்ணே, செல்ஃப் எடுக்கல. புது மோட்டார் எவ்ளோ ஆகும்?"

"அதை விடு தம்பி. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பு. லைட் என்ன ஆகுது?"

சுத்தமா மங்கிடுச்சு.

"பானெட்டைத் திற. பேட்டரி முனையில வெள்ளையா பூத்திருக்கா?"

பூத்திருந்தது.

அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்? பதில் அந்த 'செல்ஃப்' என்ற வார்த்தையிலேயே இருக்கு. ஒரு காலத்துல காரை மனுஷன் கைதான் கிளப்பியது. முன்னாடி ஹேண்டிலைச் செருகிச் சுத்தணும். என்ஜின் திருப்பி உதைச்சா மணிக்கட்டு எலும்பு உடையும். 1911-ல் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912 காடிலாக் கார்களில் அது வந்தது. கை வேண்டாம், தானே கிளம்பும். அதனால் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'. நம்ம வாயில வெறும் 'செல்ஃப்'.

கெட்டரிங் அதுக்கு முன்னாடி கல்லாப்பெட்டி மெஷினுக்கு மோட்டார் செய்தவர். சில நொடிகள் மட்டும் ஓடினா போதும்னா, சின்ன மோட்டாரையே பெரிய வேலை வாங்கலாம்னு அவருக்குத் தெரியும். அந்த யோசனைதான் இன்னைக்கும் ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கு. அதனாலதான் சாவியைப் பிடிச்சு நீளமா திருப்பக் கூடாது, மோட்டார் சூடாகிக் கருகிடும். அந்தச் சில நொடியில் அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டேஷ்போர்டு விளக்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். முனையில கொஞ்சம் பூத்திருந்தாலும் விளக்கு எரியும், செல்ஃப் எடுக்காது. நான் ஏமாந்தது அங்கேதான்.

லைட் மங்காம, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டா? அப்போதான் சொலினாய்டு மேலயோ மோட்டார் கார்பன் பிரஷ் மேலயோ சந்தேகப்படணும். செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல? அது வேற வியாதி: பிளக்குல பொறி வரல, இல்லைன்னா பெட்ரோல் வரல.

இந்த வைத்தியம் நம்ம ஊர்ல வளர்ந்த கதையும் உண்டு. 1961-ல் உருவான லூகாஸ் டிவிஎஸ், பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் செய்தது. அம்பாசடர் காலத்து மெக்கானிக், டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டை உப்புத்தாளில் தேய்ச்சுப் பொறியை மீட்பார். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதுல கார்புரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் பார்த்து பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. காதும் உப்புத்தாளும் இருந்த இடத்துக்கு ஸ்கேனர் வந்தது.

ஸ்கேனர் சென்சார் பழுதைச் சொல்லும். முனையில பூத்த வெள்ளையை எட்டிப் பார்க்காது. பார்க்காம பார்ட்ஸை மாத்தினா, காசு நம்மளது.

2025-ல் ஹூண்டாய் அறிமுகம் செய்த கிரெட்டா எலெக்ட்ரிக்கும் இதே ஸ்ரீபெரும்புதூர் ஆலையில்தான் தயாராகுது. அதுல செல்ஃபும் இல்லை, பிளக்கும் இல்லை. ஆனா உள்ளே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கு. அது செத்தா, பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் மின்சாரக் காரும் கண் விழிக்காது. அதனால அண்ணனோட முதல் கேள்வி இன்னும் காலாவதி ஆகல.

சரி, அன்னைக்கு என்ன ஆச்சு? டீக்கடையில ஸ்பேனர் கிடைச்சது. நெகட்டிவ் முனையை முதல்ல கழட்டி, வெந்நீர் ஊத்தித் தேய்ச்சு, துடைச்சு இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். எடுத்துடுச்சு. செலவு, டீக்கடைக்காரருக்கு இன்னொரு டீ.